பழைய மோட்டார் வண்டியின் 'டிக் டிக்' ஓசை

நெடுநாள் உழைத்த மோட்டார் வண்டியின் எஞ்சினில் 'டிக், டிக்' என்றோர் ஓசை எழுமாயின், அதனை முதுமையின் இயல்பென்று புறக்கணிப்பாரும் உளர். அன்றே எஞ்சினைப் பிரிக்க முற்படுவாரும் உளர். இரண்டும் பிழை என்பதே எமது கருத்து. வைத்தியன் நாடி பார்ப்பதுபோல, ஓசையின் நடையை முதற்கண் கவனித்தல் வேண்டும்.

2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் காரின் பழைய பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு சிலிண்டர்களும் எட்டு வால்வுகளும் உள. கிராங்க் ஷாப்ட் இருமுறை சுழலும்போது, வால்வுகளை இயக்கும் கேம் ஷாப்ட் ஒருமுறையே சுழலும். ஆதலின் எஞ்சின் நிமிடத்திற்கு 800 சுற்றுச் சுழலுங்கால், ஒரு வால்வின் ஓசை 400 முறையே கேட்கும்.

எனினும் முதலிற் பார்க்கத்தக்கது எண்ணெயே. எஞ்சினை நிறுத்திச் சற்றுப் பொறுத்து, அளவுகோலை உருவி நோக்குக. எண்ணெய் குறைந்திருப்பின் வேறு ஆராய்ச்சி வேண்டா. அதனை நிரப்பிய பின்னரே மற்றவை.

குளிர்ந்த எஞ்சினில் பலமாகக் கேட்டு, சூடேறியபின் தேயும் ஓசை, பெரும்பாலும் புகை செல்லும் குழாயின் கேஸ்கட்டிற் கசிவு உண்டென்பதைக் காட்டும். இரும்பு சூட்டால் விரிந்து பிளவை மூடுவதே அதன் காரணம். பொருத்துவாயிற் கரி படிந்திருத்தல் இதற்குச் சான்று.

இனி வால்வைப் பற்றிச் சிறிது விரித்துரைப்போம். ராக்கருக்கும் வால்வின் தண்டிற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அது மிகுந்தால் ஓசை எழும். மேல்மூடியைக் கழற்றி, எஞ்சின் மெதுவாக ஓடும்போதே பீலர் தகட்டை ஒவ்வோர் ராக்கரின் நுனியிலும் செருகுக. எவ்விடத்தில் ஓசை அடங்குகின்றதோ அதுவே குற்றமுடையது. ஆயின் ராக்கரின் முகம் தேய்ந்து குழிந்திருப்பின், தட்டையான தகடு குழியின்மேற் பாலம்போற் கிடந்து, அளவு சரியென்று பொய்ச்சான்று கூறும்!

ஓசை பொறாத எம் நண்பரொருவர், இடைவெளியே இல்லாதபடி திருகாணியை முறுக்கிவிட்டார். வண்டி மௌனமாயிற்று, அவரும் மகிழ்ந்தார். சில திங்களில் வால்வு எரிந்துபோயிற்று. வால்வு தன் வெப்பத்தைப் பெரிதும் இருக்கையின் வழியே கழிக்கின்றது. சூட்டால் நீண்ட தண்டிற்கு இடமின்றேல் அது இருக்கையிற் படியாது. கனல்வாயு விளிம்பை அரிக்கும். சிறிது சத்தமிடும் வால்வைக் காட்டிலும் சத்தமற்ற இவ்வால்வே அஞ்சத்தக்கது.

பிற்காலத்து வண்டிகள் பலவற்றில் எண்ணெயின் அழுத்தமே இவ்விடைவெளியை நீக்கும். அவற்றில் எஞ்சினைக் கிளப்பியவுடன் சில வினாடி கேட்டு மறையும் ஓசை பெரிதன்று.

ஓசை 'டிக்' என்னாது 'டொக்' என்று எஞ்சினின் அடியிலிருந்து ஆழ்ந்து எழுந்து, மேட்டில் ஏறுகையில் மிகுமாயின் செய்தி வேறு. ஒவ்வொரு பிளக்காகச் செயலறச் செய்து கேட்குங்கால், ஒன்றில் மட்டும் ஓசை தணிந்தால், அந்தச் சிலிண்டரின் கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்ததென்று ஐயுறலாம். அந்நிலையில் வண்டியை ஒரு பர்லாங்கும் ஓட்டலாகாது. பட்டறைக்குக் கட்டியிழுத்தே செல்க.