பழம் பெட்டகத்தைத் திறக்குமுன்

முதுசம் என்னும் சொல்லுக்கு யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் உள்ள மதிப்பை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707 ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி நம்மவர் வழக்கங்களைத் திரட்டித் தேசவழமை எனத் தொகுத்தபோது, குடும்பத்தின் உடைமை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகையாகவே பகுக்கப்பட்டது. தந்தைவழி வந்த முதுசம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சேர்தல் பழைய முறை. பிற்காலச் சட்டங்கள் அதனைப் பெரிதும் மாற்றிவிட்டன. அது நிற்க. காணிக்காகவும் வீட்டுக்காகவும் நீதிமன்றப் படி தேய்த்தவர் நம்மிடையே பலர் உண்டு. ஆனால் உள்ளறை மூலையிற் கிடக்கும் றங்குப்பெட்டிக்காகவும், பரணிற் கவிழ்த்து வைத்த கிடாரத்துக்காகவும் வழக்காடியவர் அரியர். அவை வீட்டோடு இருந்தன. வீட்டில் யார் இருந்தாரோ அவரே அவற்றுக்குக் காவலர்.

இன்று அவ்வாறு காவல் இருப்பவர் பெரும்பாலும் முதுமையெய்திய ஒருவரே. மக்களுள் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் இலண்டனில், மற்றவர் கொழும்பில். நல்லூர்த் திருவிழாவை ஒட்டி இரண்டு கிழமை விடுமுறையில் வருகின்றனர். கோவில், கலியாண வீடு, உறவினர் வீடு எனப் பதினொரு நாட்கள் கழிய, எஞ்சிய மூன்று நாளில் வீட்டைத் துப்புரவு செய்ய முற்படுகின்றனர். முற்றத்தில் ஒரு குவியல் எரிகிறது. படலையடியிற் பழைய பித்தளை வாங்குபவர் தராசோடு நிற்கிறார். கழிப்பது தவறு என்று கூற நாம் வரவில்லை. கழிக்கும் ஒழுங்கு தலைகீழாய் இருக்கின்றது என்பதே நமது முறைப்பாடு. நிறையும் பளபளப்பும் உள்ளவற்றைப் பற்றி உடன்பிறந்தார் மணிக்கணக்கிற் பேசுகின்றனர். தாளும் ஏடும் ஒரு பேச்சுமின்றித் தீக்கிரையாகின்றன.

முதலிற் பாத்திரங்களை எடுத்துக்கொள்வோம். செம்பு, மூக்குப்பேணி, தாம்பாளம், வெற்றிலைத் தட்டம், படிக்கம், கிடாரம் என்று அவை பலவகை. செம்போடு வெள்ளீயம் கலந்தது வெண்கலம்; செம்போடு நாகம் கலந்தது பித்தளை. பித்தளையிற் புளி சேர்ந்த கறியைச் சமைத்தாற் களிம்பு ஏறும் ஆதலின் முன்னோர் உட்புறத்துக்கு ஈயம் பூசுவித்தனர். ஈயம் பூசுவோர் தெருவழியே குரல் கொடுத்து வந்த காலம் போயிற்று. பூச்சுத் தேய்ந்த பாத்திரத்தைப் பழைமையின் பொருட்டு அடுப்பில் ஏற்றுதல் அறிவுடைமையன்று. நூறு பேருக்குச் சோறு வடித்த கிடாரத்துக்கு, கலியாணம் மண்டபத்துக்கும் சமையல் ஒப்பந்தகாரர் கைக்கும் போய்விட்ட பின்னர், வீட்டில் என்ன வேலை? அன்னதானம் நடைபெறும் கோவில் மடத்துக்கு அதனைக் கொடுத்தால், பூச்சுப் புதுப்பிக்கப்பெற்று மீண்டும் சோறு வடிக்கும். வாயில் எச்சில் படாது நீர் அருந்துவதற்கென மூக்கு வைத்துச் செய்த மூக்குப்பேணி, யாழ்ப்பாணத்தின் தனிச்சின்னம் என்று சொல்லத்தக்கது. வீட்டுக்கு ஒன்று இருக்கட்டும். பன்னிரண்டு இருக்கவேண்டிய நியாயம் இல்லை.

கொடுக்குமுன் ஒன்று செய்தல் வேண்டும். பாத்திரத்தின் விளிம்பையும் அடியையும் நன்கு துடைத்துப் பாருங்கள். உளியாற் புள்ளி புள்ளியாகப் பொறித்த எழுத்துகள் பலவற்றிற் காணப்படும். உடையவரின் பெயர் முதலெழுத்துகள், ஒரோவழி ஊர், ஒரோவழி ஆண்டு. கலியாணத்துக்குக் கிடைத்த தாம்பாளத்திற் பாட்டியின் தந்தை பெயர் இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லும் வேறு சான்று குடும்பத்தில் இல்லாமலும் இருக்கலாம். அவ்வெழுத்தைக் கைபேசியாற் படம் பிடித்துக்கொண்டு பாத்திரத்தை மனநிறைவோடு கொடுத்துவிடலாம். எட்டு இறாத்தல் பித்தளையிலே குடும்பத்துக்கு வேண்டியது அந்த ஒரு வரியே.

மரச் சாமான்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சாய்மனைக் கதிரையில் அமர்பவர் இருந்தால் அது இருக்கட்டும். பெட்டகம் பெரியது, சில வீடுகளில் அதன் மேற்பலகையே வீட்டுக்காரரின் படுக்கையாகவும் இருந்தது. மாடிக் குடியிருப்பில் வாழும் மகனால் அதனை ஏற்க இயலாது என்றால், ஏற்கக்கூடிய உறவினரிடம் அது போகட்டும். பூட்டிய வீட்டிற் கறையானுக்கு விட்டுவைப்பதைக் காட்டிலும் விற்பது மேல். விற்குமுன் அடித்தட்டையும் சிற்றறைகளையும் கையால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

முதியோர் ஏன் எதையும் விடமாட்டேன் என்கின்றனர் எனப் பிள்ளைகள் சலித்துக்கொள்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். அவர்களுக்கு ஒரு நாளை நினைவூட்டுவோம். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். எதை எடுப்பது என்று ஆராய அன்று பொழுதில்லை. கைப்பையில் ஏறியவை காணி உறுதி, பிறப்பு அத்தாட்சி, பரீட்சைச் சான்றிதழ், நகை, மாற்றுடை ஒன்று. கிடாரத்தைத் தூக்கி நடந்தவரைப் பற்றி நாம் கேள்விப்பட்டதில்லை. மீண்டு வந்தபோது கதவும் நிலையும்கூட இல்லாத வீடுகள் பல. அவ்வாறு இழந்தவர், எஞ்சியிருந்த உடைந்த பேணியையும் துடைத்து வைப்பதிற் புதுமை என்ன? அதனைப் பேராசை என்றோ கிழப்பருவத்துப் பிடிவாதம் என்றோ கொள்ளுதல் நியாயமன்று. அதேவேளை, அந்த ஒரு கைப்பைக்குள் எவை ஏறின என்பதையும் முதியோர் சிந்திக்கலாம். தாள்களே ஏறின.

இக்காலத்தில் வீட்டை ஒழுங்கு செய்வது பற்றி மேல்நாடுகளில் நூல்கள் பல வெளிவந்துள்ளன. யப்பானியப் பெண்மணி மரி கொண்டோவின் நூல் 2014 இல் ஆங்கிலத்தில் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. பொருளைக் கையில் எடுத்து, மனத்தில் மகிழ்ச்சி துளிர்க்கின்றதா என்று நோக்கி, துளிர்க்காததை நன்றி கூறி அனுப்பிவிடுக என்பது அவர் நெறி. உடுப்பு அலுமாரிக்கு மிக நல்ல நெறிதான். காணி உறுதியைக் கையில் எடுத்து மகிழ்ச்சி துளிர்த்தவரை நாம் கண்டதில்லை. அதற்காக அதனை அனுப்பிவிட முடியுமா? சுவீடன் தேசத்து முதியவர் மார்கரேத்தா மாக்னுசன் 2017 இல் வெளியிட்ட நூல் நம் நிலைமைக்கு இன்னும் அணுக்கமானது. தமக்குப் பின் பிள்ளைகளுக்குச் சுமையாகாதவாறு, உயிரோடிருக்கும்போதே தம் பொருள்களைத் தாமே பகுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்கிறார் அவர். சாவைப் பற்றி வாய்திறத்தல் அபசகுனம் என்று கருதும் நம் வீடுகளில் இதனை எவ்வாறு தொடங்குவது என்பதுதான் சிக்கல்.

நாம் அறிந்த ஒரு வீட்டில் அது மிக எளிதாகத் தொடங்கிற்று. வெளிநாட்டிலிருந்து வந்த மகன் பரணைத் துப்புரவு செய்கையில், விளிம்பு நெளிந்த தாம்பாளம் ஒன்றை இறக்கிக்கொண்டு வந்தார்.

"அம்மா, உதை ஏன் இன்னும் வைச்சிருக்கிறியள்?"

"உது உன்ர அப்பாச்சி எனக்குத் தந்தது, தம்பி. கூறையும் தாலியும் வைச்சு வந்த தட்டம். தங்கச்சிக்குக் குடுக்கவேணும் எண்டு நினைச்சு வைச்சிருந்தன். அவள் கேக்கேல்லை."

"அவளுக்கு உப்பிடி ஒண்டு இருக்கெண்டே தெரியாதே அம்மா!"

அன்று மாலையே தொலைபேசியில் மகளோடு பேசினர். அவள் அழுதாளாம். தமையன் கலியாணத்தின்போது தனக்கு ஒன்றும் தரப்படவில்லை என்று இருபது ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்த சிறு தாங்கல், அந்த நெளிந்த தட்டத்தோடு தீர்ந்ததாக அன்னையார் நம்மிடம் கூறினார். பின்னர் அவரே ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பெயர் சொல்லத் தொடங்கினார். பரண் அரைவாசி வெறுமையாயிற்று. அவர் இறந்த பின்னர் அதே தட்டம் பங்கிடப்பட்டிருந்தால் அது வெறும் பித்தளை. கொடுத்தவர் யார், யாருக்கென வைத்திருந்தார் என்பதைச் சொல்ல ஆளிராது. ஆதலாற்றான், கழிப்பதாயின் உடையவர் கையாலேயே கழிப்பிக்க வேண்டுமென நாம் வற்புறுத்துகிறோம்.

இனித் தாளுக்கும் ஏட்டுக்கும் வருவோம். நம் பழைய வீடுகளிற் பனையோலைச் சுவடிகள் இன்றும் இருக்கின்றன. சாதகம், வைத்திய வாகடம், சோதிடம், புராணம், நாட்டுக்கூத்து எனப் பலவாறாகும். இளையோர் அவற்றைக் குப்பை என்று எண்ணுவதற்குக் காரணம் உண்டு. ஏட்டெழுத்திற் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடா. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. அச்செழுத்திற் பழகிய கண்ணுக்கு அது தமிழாகவே தோன்றாது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் (1832 – 1901) இத்தகைய ஏடுகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கியே 1887 இற் கலித்தொகையை அச்சேற்றினார். அவர் தேடிய ஏடுகள் யாரோ சிலர் வீட்டுப் பரணிலும் மடத்துப் பெட்டியிலும் எரிக்கப்படாது எஞ்சியிருந்தவையே. பெருநூலகத்துக்கும் இதே கதி நேர்ந்ததை நாம் கண்டோம். 1981 ஆம் ஆண்டு மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிடப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அதற்காக இன்றும் வருந்தும் நம் கைகளே, வீட்டு முற்றத்தில் ஏட்டுக் கட்டைக் குப்பையோடு கொளுத்துவது என்ன நீதி?

சுவடி கிடைத்தாற் கட்டை விரைந்து அவிழ்த்தல் ஆகாது. உலர்ந்த ஓலை முறியும். வெயிலிற் காயவிடவும் கூடாது. தூசியை மென்மையான தூரிகையால் நீக்கி, பருத்தித் துணியிற் சுற்றி, ஈரமில்லா இடத்தில் வைத்து, அறிந்தவரிடம் காட்டுங்கள். எண்ணெய் பூசுதல் முதலியவற்றை அவர்கள் செய்வர். 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஏடுகளையும் எண்ணிமப்படுத்திப் பொதுவில் வைத்துள்ளது. சுவடியைக் கைவிட மனமில்லாதவர் படமெடுக்கவாயினும் இடங்கொடுக்கலாம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோக விரும்புவோர் சட்டத்தையும் அறிதல் வேண்டும். பண்பாட்டுச் சொத்துகளின் ஏற்றுமதியை 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. தொல்பொருளாகக் கருதத்தக்கதைப் பெட்டியில் வைத்து விமானமேறிய பின் வருந்துவதிற் பயனில்லை.

சுவடி எல்லா வீட்டிலும் இராது. கடிதமும் புகைப்படமும் பழைய உறுதியும் இல்லாத வீடு இல்லை. மலாயாவிலிருந்து பாட்டனார் எழுதிய கடிதம், ஊர்ப் பாடசாலையின் ஆண்டு மலர், கலியாண அழைப்பிதழ், இறந்தவர் நினைவாக அச்சிட்ட கல்வெட்டு ஆகிய இவை கடையில் விற்பனையாகா. ஆகவே எவரும் காப்பதில்லை. இவற்றைப் பிளாத்திக்கு உறையிட்டுச் சூட்டால் ஒட்டுவிப்பதைச் சிலர் பாதுகாப்பு என்று கருதுகின்றனர். அது பெருந்தீங்கு. ஒட்டிய உறையைப் பின்னர் பிரிக்க இயலாது. தாளும் நாளடைவிற் கெடும். ஒட்டும் பக்கமுள்ள புகைப்பட அல்பங்களும் அவ்வாறே படத்தைப் பற்றிக்கொள்ளும். அமிலமற்ற தாளுறை கிடைத்தால் மிக நன்று.

அடுத்த விடுமுறையிற் பேரன் பேர்த்தியர் செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. புகைப்படங்களிலிருந்தே தொடங்குங்கள், பாத்திரங்கள் காத்திருக்கும். ஒரு நாளைக்குப் பத்துப் படங்களுக்கு மேல் வேண்டாம். முதியவர் களைத்துப் போவர். படத்தைக் காட்டி, இடப்புறத்திலிருந்து வரிசையாக யார் யார், எந்த வீட்டு முற்றம், யாருடைய கலியாணம் என்று கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். படத்தின் பின்புறத்தில் ஓரமாக மெல்லிய பென்சிலால் மட்டும் குறித்திடுங்கள். மைப்பேனையால் எழுதினால் ஊறி முன்புறம் தெரியும். பெயர் நினைவுக்கு வராத முகத்துக்கு ஒரு கேள்விக்குறி இட்டு, ஊரில் வேறு எந்த ஆச்சிக்குத் தெரியக்கூடும் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆச்சி வீட்டுக்கு அடுத்த நாளே போவது நலம்.