சதுரங்கப் பலகையில் ஒரு 20 இலக்க எண்

18446744073709551615. இந்த எண்ணைப் பார்த்தவுடன் கண்ணைக் கட்டுகிறதா? ஏறக்குறைய 1,84,467 கோடி கோடி. 64 பிட்களையும் 1 என்று நிரப்பினால் கிடைப்பது இதுதான். 64 பிட் கம்ப்யூட்டரின் ஒரு ரெஜிஸ்டரில் இதைவிடப் பெரிய முழு எண்ணை வைக்க முடியாது.

கம்ப்யூட்டர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் நாட்டுக் கதைகளில் இந்த எண் இருந்தது. கேரளத்தில் அம்பலப்புழை கிருஷ்ணன் கோவிலில் பால்பாயசம் வழங்கும் வழக்கத்திற்கு ஒரு கதை சொல்வார்கள். சதுரங்கத்தில் அரசனை வென்ற முதியவர், முதல் கட்டத்திற்கு ஓர் அரிசி, அடுத்ததற்கு இரண்டு, பிறகு நான்கு என்று 64 கட்டங்களுக்கும் இரட்டித்துக் கேட்டாராம்.

சேக்காட்டில் எங்கள் தெருவில் செஸ் ஆடும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது, "ஒரு சிப்பம் போதுமா அங்கிள்?" என்று கேட்டார்கள். 1000 அரிசியின் எடை சுமார் 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 25 கிலோ சிப்பம் 21ஆவது கட்டத்திலேயே காலி! 64 கட்டங்களுக்கும் சேர்த்து சுமார் 36,900 கோடி டன் வேண்டும். இன்றைய உலக விளைச்சலில் ஏறக்குறைய 700 ஆண்டு அரிசி.

இவ்வளவு பெரிய எண்ணை உடைப்பது கடினமா? இல்லை. இது 2இன் 64ஆம் அடுக்கைவிட ஒன்று குறைவு. பள்ளியில் படித்த (அ+1)(அ-1) சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று பிரிந்துவிடும். கடைசி எண் பகா எண் என்றே 17ஆம் நூற்றாண்டில் பெர்மா நம்பினார். 1732இல் ஆய்லர் அதையும் 641 x 6700417 என்று உடைத்தார்.

ஆகவே எண் பெரிதாக இருந்தால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. அதில் ஓர் ஒழுங்கு தெரிந்தால் உடைத்துவிடலாம். வங்கித் தளங்களில் பயன்படும் 2048 பிட் ஆர்.எஸ்.ஏ. சாவியில், குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுத்த இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி 617 இலக்க எண்ணை உருவாக்குவது இதனால்தான். உங்கள் பாஸ்வேர்டுக்கும் இதே விதிதான். 12345678 என்பதை நீட்டி எழுதுவதால் பயனில்லை.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். நம் எண்ணை எக்ஸெலில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். பிறகு அந்த செல்லைக் கிளிக் செய்து பார்முலா பாரைப் பாருங்கள். கடைசி ஐந்து இலக்கங்கள் பூஜ்யமாகியிருக்கும். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். 16 இலக்க கார்டு எண், 17 இலக்க சமையல் காஸ் ஐ.டி. ஆகியவற்றுக்கும் இதே கதிதான். போன இலக்கங்கள் திரும்ப வராது. எனவே டைப் செய்யும் முன்பே அந்த செல்களை டெக்ஸ்ட் பார்மட்டுக்கு மாற்றிவிடுங்கள்.