படத்துக்கு விரல் பிடிக்காதீங்க: பல் எக்ஸ்ரே எடுக்கும் உதவியாளர்களுக்கு

இன்னைக்குப் பகுதி பல் கிளினிக்கில் உதவியாளரா இருக்கிறவங்களுக்காக. நான் வெள்ளகோவில் பக்கம் பல வருஷமா பல் எக்ஸ்ரே எடுக்கிறேன். புதுசா வேலைக்குச் சேர்ற பிள்ளைங்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். பன்னிரண்டாவது முடிச்ச கையோட வந்து சேர்றவங்கதான் நிறைய. மெஷின் இது, பட்டன் இது என்று காட்டுவதோடு பல இடங்களில் பயிற்சி முடிஞ்சுடுது.

அப்படி வர்ற பிள்ளைங்க தயங்கித் தயங்கி என்கிட்டக் கேட்கிறது ரெண்டே கேள்வி. "அக்கா, இதுல தினமும் நின்னா கேன்சர் வருமா?" "நாளைக்கு எனக்குக் குழந்தை பிறந்தா அதுக்கு ஏதாச்சும் ஆகுமா?" நீங்க எங்கே நிக்கிறீங்க, உங்க விரல் எங்கே இருக்கு, ஒரே பல்லுக்கு எத்தனை தடவை படம் எடுக்கிறீங்க என்பதில்தான் பதில் இருக்கு.

அளவு எவ்வளவு?

மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் நம்ம எல்லார் மேலயும் இயற்கையாகவே கதிர்வீச்சு படுது. உலக சராசரி ஆண்டுக்கு சுமார் 2.4 மில்லிசீவர்ட். ஒரு ஐஓபிஏ, அதாவது வாய்க்குள்ளே வைத்து எடுக்கிற சின்னப் படம், நோயாளிக்குக் கொடுப்பது ஏறத்தாழ ஒரு நாளில் இயற்கையாகக் கிடைக்கிற அளவுதான். மெஷினையும் ஆர்விஜி சென்சாரையும் பொறுத்து கூடக் குறைய இருக்கும். அதனால தேவைப்பட்ட எக்ஸ்ரேக்கு நோயாளி பயப்பட வேண்டியதில்லைங்க.

உதவியாளர் கணக்கு வேற. நோயாளி ஒரு படம் எடுத்துட்டுப் போயிடுவார். நீங்க அடுத்தவருக்கும், அதுக்கு அடுத்தவருக்கும் எடுக்கணும். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் (ஏஇஆர்பி) கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்து ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30-க்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வெச்சிருக்கு. பொதுமக்களுக்கு 1. ஒழுங்கா வேலை நடக்கிற பல் கிளினிக்கில் உதவியாளருக்குச் சேர்வது இந்த வரம்புக்கு வெகு கீழே. அந்த "ஒழுங்கா" என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கு.

கெல்ஸின் கை

1895 நவம்பரில் ராண்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிச்சார். ரெண்டே மாசத்தில், 1896 ஜனவரியில், ஜெர்மனியில் ஓட்டோ வால்கோஃப் என்ற பல் மருத்துவர் தன் பல்லையே படம் எடுத்துக்கிட்டார். அதுக்கு 25 நிமிஷம் அசையாம இருந்தார். இன்னைக்கு நமக்கு ஒரு நொடியில் சிறு பங்கு போதும்.

அதே ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சி. எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவரும் இந்த வேலையில் இறங்கினார். கிளினிக்கில் பெண் உதவியாளரை முதன்முதலில் வேலைக்கு வெச்சவர்களில் ஒருத்தரும் இவர்தான். கதிர் போதுமான அளவுக்கு வருதா என்று பார்க்க, ஒவ்வொரு தடவையும் தன் கையையே கதிர் முன்னால் நீட்டி, எலும்பு தெரியுதா என்று பார்ப்பார். அன்னைக்கு வலி கிடையாது, சூடு கிடையாது. வருஷங்கள் கழிச்சு அந்தக் கையில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை மேல அறுவை சிகிச்சை. முதலில் விரல்கள் போச்சு, பிறகு கை போச்சு. 1928-ல் அவர் தன் உயிரையே முடிச்சுக்கிட்டார்.

நூறு வருஷத்துக்கு முந்தைய கதையை எதுக்குச் சொல்றேன்னா, அந்தக் கை இன்னும் கதிருக்குள்ளே நீளுது. குழந்தை அழுதா, பெரியவர் வாயைத் திறக்க முடியலைன்னா, "கொஞ்சம் புடிச்சுக்கோ கண்ணு, ஒரு செகண்டுதானே" என்று யாராவது சொல்வாங்க. அன்றைய மெஷினும் இன்றைய மெஷினும் ஒண்ணு இல்லை, கெல்ஸ் வாங்கின அளவு உங்களுக்கு வராது. ஆனா உங்க விரல் இருக்கிறது நேர் கதிரில். அந்த ஒரு செகண்டு தினமும் சேர்ந்துக்கிட்டே போகும். நோயாளிக்கு அதுல மருத்துவப் பலன் இருக்கு, உங்க விரலுக்கு ஒண்ணும் இல்லை. அதனால படத்தை நீங்க பிடிக்கக் கூடாது. ஒரு தடவைகூட.

பிறகு யார் பிடிக்கிறது? முதல் வழி ஹோல்டர். அது இல்லாத நேரத்தில் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸில் ஃபிலிமைக் கவ்வி நோயாளியே பிடிச்சுக்கலாம். ரொம்பச் சின்னக் குழந்தைன்னா, கூட வந்த அம்மாவோ அப்பாவோ லெட் ஏப்ரன் மாட்டிக்கிட்டுப் பிடிக்கலாம். அவங்களுக்கு அது என்னைக்கோ ஒரு நாள், உங்களுக்கு அது தினசரி. அம்மா கர்ப்பமா இருந்தா வேற ஆள் பிடிக்கட்டும்.

எங்கே நிக்கணும்?

தூரம்தான் காசில்லாத பாதுகாப்பு. ஒரு மீட்டரில் இருந்து ரெண்டு மீட்டருக்குத் தள்ளிப் போனா, உங்க மேல படறது பாதியாகாது, நாலில் ஒரு பங்காகும். மூணு மீட்டர் போனா ஒன்பதில் ஒரு பங்கு. அதனால குறைஞ்சது ரெண்டு மீட்டர், ஆறரை அடி. கோன் எந்தப் பக்கம் பார்க்குதோ அந்தப் பக்கம் நிக்கவே கூடாது. நோயாளியின் பக்கவாட்டில் சற்றே பின்னால், கதிரின் திசைக்கு 90-லிருந்து 135 டிகிரிக்குள் நில்லுங்க.

நம்ம ஊர்க் கிளினிக்கில் அறையே பத்துக்குப் பத்துதான் இருக்கும். ஆறரை அடி தள்ளி நின்னா சில இடத்தில் முதுகு சுவத்துல முட்டும். அப்போ அறைக்கு வெளியே, செங்கல் சுவருக்குப் பின்னால் போய் பட்டனை அமுக்குங்க. பிளைவுட் தடுப்பை நம்பாதீங்க, அது பார்வையைத்தான் மறைக்கும். சுவிட்ச் வயர் எட்டலைன்னா நீள வயர் போடச் சொல்லிக் கேளுங்க. டியூப் தலை ஆடுதுன்னா ரிப்பேர் பண்ணணுமே ஒழிய, அதையும் கையால் பிடிக்கக் கூடாது.

முதல் படமே சரியா வரணும்

திரும்ப எடுத்த படம்னா நோயாளிக்கு ரெண்டு மடங்கு கதிர், கிடைச்சது ஒரே தகவல். அதனால டெக்னிக் சுத்தமா இருந்தாலே பாதுகாப்பில் பெரும்பகுதி முடிஞ்சது.

பேரலலிங் முறையில் சென்சார் பல்லின் நீளவாட்டுக்கு இணையா நிக்கும், கதிர் ரெண்டுக்கும் செங்குத்தா வரும். ஹோல்டரின் வளையத்தோட கோனைப் பொருத்தினாலே கோணம் தானா அமைஞ்சுடும். ஹோல்டர் இல்லாத இடத்தில் பைசெக்டிங் முறை. அதில் பல்லுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே உள்ள கோணத்தைச் சரிபாதியாக்கும் கற்பனைக் கோட்டுக்குக் கதிர் செங்குத்தா வரணும். கைப்பழக்கம் வேணும், தப்பும் அதிகம் வரும். முடிஞ்சவரை ஹோல்டரையே பயன்படுத்துங்க.

படம் கெட்டா காரணத்தைக் கண்டுபிடிச்சுட்டுத்தான் அடுத்ததை எடுக்கணும். நிழலை நினைச்சுக்கோங்க. உச்சி வெயிலில் நம்ம நிழல் குட்டை, சாயங்காலம் நீளம். அதே மாதிரி கோனின் மேல்கீழ் சாய்வு அதிகமானா பல் குட்டையா விழும், குறைஞ்சா நீண்டு விழும்.

பல்லும் பல்லும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறித் தெரிஞ்சா பக்கவாட்டுக் கோணம் தப்பு. தறியில் பாவு நூலை நேரா நின்னு பார்த்தா இழைக்கு இழை வெளிச்சம் தெரியும், சாய்ஞ்சு பார்த்தா எல்லாம் ஒட்டின மாதிரி இருக்கும். பல் இடுக்கும் அப்படித்தான். சொத்தை பெரும்பாலும் ஒளிஞ்சிருக்கிறது அந்த இடுக்கில்தான்.

படத்தின் ஒரு ஓரம் வெறுமையா இருந்தா கோன் கட், கோன் சென்சாரை முழுசா மூடலை. மங்கலா இருந்தா யாரோ அசைஞ்சிருக்காங்க. பட்டன் அமுக்கும் முன் "அசையாதீங்க" என்று சொல்லுங்க.

வாந்தி வர்றவங்களுக்கு முன்பற்களை முதலில் எடுங்க, கடைவாயைக் கடைசியில். மூக்கால் மூச்சு விடச் சொல்லுங்க. நாக்கு நுனியில் ஒரு கல் உப்பு வெச்சாலும் நிறையப் பேருக்குக் கேட்கும். கோனைச் சரியா நிறுத்திட்டு, கடைசியா சென்சாரை வாய்க்குள் வெச்சா நேரம் மிச்சம்.

ஏப்ரன் வேணுமா?

2024-ல் அமெரிக்கப் பல் மருத்துவ சங்கம், பல் எக்ஸ்ரேக்கு லெட் ஏப்ரனும் தைராய்டு காலரும் இனிக் கட்டாயம் வேண்டாம் என்று பரிந்துரைச்சது. ஆனா கதிரை வேண்டிய இடத்துக்கு மட்டும் சுருக்கணும் என்பதும், வட்டக் கோனுக்குப் பதில் செவ்வகக் கோன் போடணும் என்பதும் அதோட சேர்ந்தே வருது. சென்சார் செவ்வகம், கதிர் வட்டம்னா மிச்சக் கதிர் சும்மாவே கன்னத்தில் விழுதுன்னுதானே அர்த்தம்? நம்ம பக்கம் இன்னும் வட்டக் கோன்தான் அதிகம். அதனால ஏப்ரனை மாட்டுங்க, குழந்தைகளுக்குக் கழுத்துக் காலரை மறக்காதீங்க. மடிச்சு வைக்காம தொங்க விடுங்க, மடிச்சா உள்ளே இருக்கிற ஈயம் விரிசல் விடும்.

கர்ப்பமா இருந்தா

வேலை போயிடுமோன்னு பயந்து சொல்லாம இருக்கிறவங்க இருக்காங்க. சொல்லிடுங்கம்மா. சொன்ன பிறகு வயித்துப் பிள்ளைக்கு மிச்ச மாசங்களுக்கும் சேர்த்து 1 மில்லிசீவர்ட் என்ற தனி வரம்பு வந்துடுது. சுவருக்குப் பின்னால் நின்னு, படம் பிடிக்காம வேலை செஞ்சா அந்த வரம்புக்குள் இருக்க முடியும். வேலையை விட்டு நிக்க வேண்டிய அவசியமில்லை. மருத்துவர்களும் இதைக் கேட்டுக்கணும். அந்தப் பொண்ணு பயமில்லாம வந்து சொல்ற மாதிரி நீங்க நடந்துக்கணும்.

கிளினிக்கில் கேட்டு வெச்சுக்கோங்க

மெஷின் ஏஇஆர்பி-யின் இ-லோரா தளத்தில் பதிவாகியிருக்கா? ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தரப் பரிசோதனை நடக்குதா? டிஎல்டி பேட்ஜ் கொடுத்திருந்தா நெஞ்சில், ஏப்ரனுக்கு உள்ளே மாட்டுங்க. அடுத்தவர் பேட்ஜைப் போடாதீங்க, எக்ஸ்ரே அறையில் விட்டுட்டும் போகாதீங்க.

பெரியவங்ககிட்ட எப்படி மறுத்துப் பேசறதுன்னு கேட்பீங்க. மறுக்கவே வேண்டாம். "டாக்டர், ஹோல்டர் போட்டு எடுத்துரட்டுங்களா?" அவ்வளவுதான். நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைங்க இப்படிக் கேட்டு, வேண்டாம்னு சொன்ன டாக்டரை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லைங்க.

அடுத்த பகுதியில் ஓபிஜி எடுக்கும்போது நோயாளியை எப்படி நிறுத்தறதுன்னு பேசலாம். வரட்டுங்களா.