படைத்தலைவர்களை வாதிட வைத்த மேசை

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் பாலர்கள் முதன்முதலிற் படிக்கும் சொற்களுள் 'டேபிள்' என்பதும் ஒன்று. மேசை என்று பொருள் கூறிவிட்டு நாமும் அப்பாற் சென்றுவிடுகின்றோம். ஆயினும், இவ்வெளிய சொல் இரு வல்லரசுகளின் படையதிகாரிகளையே ஒருமுறை வாதிட வைத்தது!

இச்சொல்லின் மூலம் 'தபுலா' என்னும் இலத்தீன் சொல்லாகும். பலகை என்பது அதன் பொருள். உரோமர் பலகையில் எழுதியும் வந்தனராதலின், நிரல்பட எழுதிய அட்டவணைக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. நம் பிள்ளைகள் மனனஞ் செய்யும் பெருக்கல் வாய்பாடும், பாடசாலை நேரசூசியும் ஆங்கிலத்தில் 'டேபிள்' என்ற பெயர் தாங்குவது இதனாலேயே.

இப்பெயர்ச்சொல் வினைச்சொல்லாகும்போதுதான் வில்லங்கம் பிறக்கின்றது. பிரித்தானிய வழக்கில் ஒரு பத்திரத்தை 'டேபிள்' செய்தலென்றால், அதனைச் சபையோர் ஆராயுமாறு முன்வைத்தலாகும். நமது பாராளுமன்றத்தில் 'சபாபீடத்தில் சமர்ப்பித்தல்' என்பதும் இம்மரபைத் தழுவியதே. அமெரிக்கரோ அதே சொல்லால் ஒத்திவைத்தலைக் குறிப்பர். 'மேசைமேல் வைத்தாயிற்று, இனிப் பேசலாம்' என்பது ஒருவர் கருத்து. 'மேசைமேற் கிடக்கட்டும், பிறகு பார்க்கலாம்' என்பது மற்றவர் கருத்து.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது இரு நாட்டு அதிகாரிகளும் கூடி ஆலோசித்தனர். அவசரமான பத்திரமொன்றை 'டேபிள்' செய்ய விரும்புவதாகப் பிரித்தானியர் கூறினர். அதனை மூடிவைக்கப் போகிறார்களென்று எண்ணிய அமெரிக்கர் மறுத்தனர். நெடுநேரம் கடுமையாக வாதிட்ட பின்னரே, இரு சாராரும் விரும்பியது ஒன்றேயென்பது புலனாயிற்று. 1950இல் வெளிவந்த தமது யுத்த வரலாற்றின் மூன்றாம் பாகத்தில் சேர்ச்சில் இதனைக் கூறியுள்ளார். ஒரே மொழி பேசுவோர், ஒரே பகைவனை எதிர்த்து நின்ற வேளையில், ஒரு சொல்லாற் காலத்தை இழந்தனர்.

நம் வீட்டிலும் இதற்கு உதாரணமுண்டு. பசியோடு வருபவர் 'சோற்றை எடுத்துவை' என்றால் பரிமாறும்படி கேட்கிறார்; உண்டு முடித்தவர் அதையே சொன்னால் அப்புறப்படுத்தச் சொல்கிறார். இடமறிந்து நாம் பொருள் கொள்கின்றோம். அயன்மொழியிலோ அவ்விடமறிதல் எளிதில் வாய்ப்பதில்லை.

ஆகவே மாணவர்களே, அகராதியின் முதற் பொருளோடு நின்றுவிடாதீர்கள். இலண்டனுக்கும் நியூயோர்க்கிற்கும் ஒரே நாளிற் கடிதம் எழுதும் உத்தியோகம் நாளை உங்களுக்கு வாய்க்கலாம். அப்போது 'டேபிள்' என்று எழுதாது, 'இன்றே ஆராய்வோம்' என்றோ 'பின்னர் ஆராய்வோம்' என்றோ தெளிவாக எழுதுங்கள். ஐயமிருப்பின் கேட்டறியுங்கள். கேட்பதில் இழுக்கில்லை.