பழைய எண், புதிய எண்

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது பழக்கம். வாசல் பலகையில் ‘பழைய எண் 14, புதிய எண் 31’ என்று இருக்கும். எண் மாறி எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். ஆனாலும் சிலிண்டர் போடுபவரோ ஊரிலிருந்து வரும் மாமாவோ பழைய எண்ணைக் கேட்டுக்கொண்டுதான் வருவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இணையச் செயலியின் டொமைன் மாறும்போதும் இதே கதைதான். இங்கே பழைய எண்ணைத் தேடி வருபவர்களில் பலர் மனிதர்களே இல்லை என்பதுதான் சிக்கல்.

ட்விட்டரையே எடுத்துக்கொள்வோம். நிறுவனம் ‘எக்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது 2023 ஜூலையில். பறவைச் சின்னம் ஓரிரு நாளில் இறங்கிவிட்டது. ஆனால் அடிப்படைக் கட்டமைப்பு முழுவதும் எக்ஸ்.காமுக்கு வந்துவிட்டதாக ஈலான் மஸ்க் அறிவிக்க 2024 மே 17 வரை ஆனது. வேலை அதோடும் முடியவில்லை.

இத்தனைக்கும் இப்படி மாறும்போது சர்வர் இடம்பெயர வேண்டியதே இல்லை. கிளவுடில் இருக்கும் செயலி இருந்த இடத்திலேயே இருக்கும், டேட்டாபேஸும் அசையாது. பெயரைக் கேட்டால் எண் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் என்ற பதிவேட்டில் புதிய பெயருக்கு ஒரு வரி சேர்த்து, அந்தப் பெயருக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கி, பழைய பெயரில் வருபவர்களைப் புதியதற்குத் திருப்பிவிட வேண்டும். கேட்டால் அரை மணி நேர வேலை. சான்றிதழைக்கூட லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற அமைப்புகள் இலவசமாகவே தருகின்றன. அனுபவசாலிகள் ஒன்றை மட்டும் சில நாள் முன்பே செய்துவைப்பார்கள். டிஎன்எஸ் விடையை எவ்வளவு நேரம் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு ‘டிடிஎல்’ என்று ஒரு கணக்கு உண்டு. அது 86,400 விநாடி, அதாவது ஒரு முழு நாள் என்றிருந்தால், அதை 300 விநாடிக்குக் குறைத்துவிடுவார்கள். தப்பு நடந்தால் ஐந்து நிமிடத்தில் பின்வாங்கலாம்.

பின்வாங்கத் தெரிந்தால் மட்டும் போதாது என்பதை ஒரு ஜவுளிக்கடையின் ஆர்டர் செயலியின் டொமைனை மாற்றிய இரவில் தெரிந்துகொண்டேன். சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்தது. போனில் திறந்து பார்த்தோம், பழைய பெயரைத் தட்டினால் புதியது வந்தது. நிம்மதியாகத் தூங்கப் போனோம். ஞாயிறு காலை கடைப் பையன் கூப்பிட்டான்: “அண்ணே, காசு போயிடுச்சு, ஆர்டர் வரலைன்னு கஸ்டமருங்க கத்துறாங்க.”

வாடிக்கையாளர் பணம் கட்டியதும், கட்டண நிறுவனத்தின் சர்வர் நம் சர்வரின் கதவைத் தட்டி ‘பணம் வந்துவிட்டது’ என்று சொல்லும். அதற்குக் கொடுத்திருந்தது பழைய முகவரி. நாங்கள் அங்கே வைத்திருந்தது ‘301’ என்ற திருப்பல். பிரவுசர் அதைப் பார்த்தால் மறுபேச்சில்லாமல் புதிய இடத்துக்குப் போகும். ஆனால் இப்படித் தகவல் சொல்ல வரும் சர்வர்களில் பல, திருப்பலைப் பார்த்ததும் ‘வேலை நடக்கவில்லை’ என்று குறித்துக்கொண்டு திரும்பிவிடும். திருப்பலை ஏற்றுக்கொள்பவற்றிலும் சில, கொண்டுவந்த கடிதத்தை வழியிலேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்கும். கடிதத்தோடு அனுப்பு என்று சொல்ல ‘308’ என்று தனி எண் இருக்கிறது. அது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. பழைய முகவரி எங்கெங்கே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பட்டியலும் இல்லை. அப்படிப் பட்டியல் இருக்கும் கடையை நான் இன்னும் பார்க்கவில்லை.

மனிதர்கள் பக்கம் வேறு மாதிரியான குழப்பம். லாகின் செய்திருப்பதை நினைவில் வைக்கும் குக்கி, டொமைனோடு கட்டுப்பட்டது. பெயர் மாறினால் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளப்படுவார்கள். பிரவுசர் சேமித்து வைத்த பாஸ்வேர்டு புதிய பெயரில் தானாக வந்து விழாது. மனப்பாடமாக யாருக்குத் தெரியும்? ‘மறந்துவிட்டது’ என்று அழுத்துவார்கள். அதற்கான மின்னஞ்சல் புதிய டொமைனிலிருந்து போகும். முன்பின் தெரியாத பெயர் என்று அது ஸ்பேமில் விழுந்தாலும் விழும். அப்புறம் கடைக்குப் போன் வரும்.

எக்ஸ் இதைவிடப் பெரிதாகச் சறுக்கியது. 2024 ஏப்ரலில் அதன் ஐபோன் செயலி, பதிவுகளில் ‘ட்விட்டர்.காம்’ என்று வந்த இடத்தையெல்லாம் ‘எக்ஸ்.காம்’ என்று தானாக மாற்றிக் காட்டத் தொடங்கியது. முழுச் சொல்லா, சொல்லின் வாலா என்று பார்க்கவில்லை. ‘ஃபெடெட்விட்டர்.காம்’ என்று ஒருவர் எழுதினால், படிப்பவர் கண்ணுக்குத் தெரிந்தது ‘ஃபெடெக்ஸ்.காம்’. அழுத்தினால் போய்ச் சேர்வதோ முதலில் எழுதிய முகவரிக்கு. மோசடிக்காரனுக்கு இதைவிட வசதி வேண்டுமா? வேறு ஆள் பிடித்துவிடக் கூடாதே என்று சிலர் நல்ல எண்ணத்தில் அப்படிப்பட்ட பெயர்களை முந்திக்கொண்டு பதிவு செய்தார்கள். நிறுவனமும் விரைவில் திருத்திவிட்டது.

2025 அக்டோபரில் இன்னொன்று. யூஎஸ்பி வடிவப் பாதுகாப்புச் சாவி வைத்திருப்பவர்கள் நவம்பர் 10-க்குள் அதை மறுபடி பதிவு செய்யாவிட்டால் கணக்கு பூட்டப்படும் என்று எக்ஸ் அறிவித்தது. யாரும் ஊடுருவவில்லை. இந்தச் சாவி எந்த டொமைனில் பதிவானதோ அங்கே மட்டும்தான் திறக்கும், போலித் தளத்தில் வேலை செய்யாது. அதுதான் அதன் பலமே. ட்விட்டர்.காமில் பதிவான அந்தச் சாவிகளுக்கு எக்ஸ்.காம்கூட அந்நியத் தளம்தான். பெயர் மாறி இரண்டு வருடம் கழித்தும் ட்விட்டர்.காமைக் கைவிட முடியாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊர் வங்கிகளும் அதே 2025-இல் இதைக் கடந்தன. மோசடித் தளங்களை மக்கள் அடையாளம் காண்பதற்காக, எல்லா வங்கிகளும் அக்டோபர் 31-க்குள் ‘.பேங்க்.இன்’ என்று முடியும் டொமைனுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்தப் பெயர்களைப் பதிந்து கொடுக்கும் பொறுப்பு ஹைதராபாத்தின் ஐடிஆர்பிடி நிறுவனத்துக்கு. நல்ல ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ‘முகவரியைச் சரிபார்க்காமல் பாஸ்வேர்டு போடாதீர்கள்’ என்று வருடக்கணக்கில் கேட்டு, அதன்படி நடந்துவந்த ஜாக்கிரதையான ஆள்தான் முதலில் மிரண்டிருப்பார்.

பழைய பெயரை எப்போது விடலாம்? தேடல் முடிவுகளுக்காகத் திருப்பலைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருங்கள் என்கிறது கூகுள். எனக்கு அது போதாது என்று படுகிறது. டொமைன் யாருக்கும் சொந்தமில்லை, வருடாவருடம் புதுப்பிக்கும் வாடகைப் பொருள். விட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு, நம் பெயரில் வரும் மின்னஞ்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். பழைய பெயரின் சான்றிதழையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது காலாவதியானால் திருப்பல் நடப்பதற்கு முன்பே பிரவுசர் ‘ஆபத்து’ என்று வாசலை அடைத்துவிடும்.

அந்த ஜவுளிக்கடை முதலாளி போன வாரம் கேட்டார், “அந்தப் பழைய பேருக்கு இன்னும் எதுக்குப்பா பணம் கட்டிட்டிருக்கோம்?” சர்வர் பதிவைத் திறந்து காட்டினேன். அன்று காலைகூட நான்கு பேர் பழைய முகவரியில் வந்திருந்தார்கள். எங்கிருந்து என்று இருவருக்கும் புரியவில்லை. அவரே எழுந்து போய் ஒரு சட்டைப் பெட்டியை எடுத்து வந்தார். மூடியின் ஓரத்தில், பழைய முகவரியோடு, ஒரு க்யூஆர் கோடு.

“குடோன்ல இன்னும் நாலு கட்டு கிடக்கு” என்றார்.