பெயர் நில்லாத கழைக்கூத்தர்

கூத்தினை வேத்தியல், பொதுவியல் எனப் பகுத்து ஆராய்வோர் பலர். ஆயின், தெருவில் கழை நட்டுக் கயிறு கட்டி ஆடுவோரும் வாள் விழுங்குவோரும் அவ்வாராய்ச்சியில் இடம் பெறுதல் அரிது. இவர்கள் தமிழிலக்கியத்துக்குப் புதியர் அல்லர். குறுந்தொகை 7ஆம் பாட்டில் பெரும்பதுமனார், காற்றில் ஒலிக்கும் வாகை நெற்றுக்கு, ஆரியக் கூத்தர் கயிற்றில் ஆடுங்கால் முழங்கும் பறையை உவமையாக்கினார். நற்றிணை 95ஆம் பாட்டில் கோட்டம்பலவனார், ஆடுமகள் நடந்த கயிற்றில் குரங்குக்குட்டி ஒன்று ஆடக் குறச்சிறுவர் தாளம் கொட்டுதலைக் காட்டினார். பறையும் கயிறும் பாட்டில் நின்றன. ஆடியவர் பெயர் நின்றிலது.

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சன நாள்களில், கீழவீதியில் முதியவர் ஒருவர் வாள் விழுங்குவதை இளமையிற் கண்டுள்ளேன். பின்னர் அவரையே கடலூர் முதுநகரிலும் கண்டேன். தலையைப் பின்சாய்த்து, வாயும் தொண்டையும் உணவுக்குழலும் ஒரே நேர்கோட்டில் அமையுமாறு நின்று, வாளை மெல்ல உள்ளே செலுத்துவார். குமட்டல் எழாதவாறு தொண்டையைப் பழக்குதற்குப் பல்லாண்டு வேண்டும். இது கண்கட்டு அன்று. வாள் மெய்யாகவே உள்ளே செல்கின்றது. செப்புகளை மாற்றி வைத்துக் காட்டும் கைத்திறனுக்கு வழங்கிய ‘செப்பிடுவித்தை’ என்னும் சொல் பிற்காலத்தே ஏமாற்றுக்குப் பெயராயிற்று. அப்பழி வாள் விழுங்குவோர் மேலும் சார்ந்தது முறையன்று.

பெயர் நின்றவர் ஒருவர் உளர். அவர் இலண்டன் மாநகரில் பந்தாடியும் வாள் விழுங்கியும் புகழ்பெற்ற இராமசாமி. ஆங்கிலேயர் அவரை ‘ராமோ சாமி’ என்றனர். இராமசாமி என்பது தென்னாட்டார் பலர்க்கும் பொதுவான பெயராதலின், அதுகொண்டே அவரைத் தமிழர் எனத் துணிதல் இயலாது. மணிகளையும் மயிரிழையையும் விழுங்கி, மணிகளைக் கோத்த நிலையில் வாயினின்று வெளிக்கொணர்தல் அவர்தம் அரிய வித்தை. 1821இல் ஹாஸ்லிட் இந்திய வித்தையாளரைப் பற்றி எழுதிய கட்டுரையில், நான்கு பித்தளைப் பந்துகளை இடையறாது எறிந்து பிடிக்கும் திறத்துக்குத் தம் எழுத்து ஈடாகாது என நாணினார். அதே கட்டுரையில், வாள் விழுங்குதலைக் காவலர் தடுக்கவேண்டும் என்றும் எழுதினார். அவர் கண்டவர் இராமசாமியே என்பர் ஆய்வாளர். தாக்கரே, கத்தியால் உண்ட ஓர் இளவரசியை எள்ளுதற்கு இராமசாமியை உவமையாக்கினார். இத்துணைப் புகழிருந்தும், 1850இல் அவர் இறந்தபோது அடக்கச் செலவுக்கு அவர் மனைவி இதழ் வாயிலாகப் பொருளுதவி வேண்ட நேர்ந்தது.

கீழவீதி முதியவர்க்கு அத்துணைச் சான்றும் இல்லை. சங்கப் பாட்டில் ஆடுமகளைத் தேடிய நான், கண்முன் நின்றவர் பெயரைக் கேட்டேனல்லேன். பறை கொட்டிய அவர் வீட்டார் ஒவ்வோர் ஆட்டத்தையும் ஒவ்வொரு சொல்லால் அழைத்தனர். அவற்றுள் ஒன்றனையேனும் நான் குறித்துக்கொள்ளவில்லை.