பாட்டுக்குள் காணாமற்போன சொற்கள்: தெரியுமா?

வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு கடைக்குள் நுழைந்து தண்ணீர்ப் போத்தலைக் கையில் எடுங்கள். அதில் ‘குடிநீர்’ என்று இருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று காலமும் அடங்கியிருப்பது தெரியுமா? குடித்த நீர், குடிக்கிற நீர், குடிக்கும் நீர்! காலம் காட்டும் உறுப்பை எடுத்துவிட்டால் முக்காலமும் உள்ளே வந்துவிடுகிறது. பள்ளியில் வினைத்தொகை என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். மெட்டுக்குப் பாட்டெழுதுகிறவருக்கு இது பெரிய வரம். ‘அலைகடல்’ என்று எழுதினால் போதும்: நேற்று அலைந்த கடலும் நாளை அலையப்போகும் கடலும் ஒரே மூச்சில் வந்துவிடும்!

‘கடலைப் பார்த்தேன்’ மெட்டில் உட்காரவில்லையா? ‘கடல் பார்த்தேன்’ என்று ‘ஐ’யைத் தூக்கிவிடலாம். இதைக் கவிஞரின் அவசரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இலக்கணமே எழுதிக் கொடுத்த உரிமை இது! அது போதாதென்று, 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் செய்யுளுக்கு ஒன்பது விகாரங்களை, அதாவது சொல்லின் உருவ மாற்றங்களை, அனுமதித்தார். தாமரையின் தலையை வெட்டி ‘மரை’ என்னலாம். நீலத்தின் வாலை நறுக்கி ‘நீல்’ என்னலாம். நிழலை இழுத்து ‘நீழல்’ ஆக்கலாம். அந்த நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதியவர் நம் நல்லூர் ஆறுமுக நாவலர்!

அடுத்தது இன்னும் வியப்பு. ‘வந்தேன்’ என்றால் வந்தது யார்? நான்தான். வினையின் வாலிலேயே ஆள் இருப்பதால் தமிழ்ப் பாட்டில் ‘நான்’ தேவையே இல்லை. பேச்சுச் சிங்களத்திலோ ‘ஆவா’ என்ற ஒரே சொல் நான் வந்தாலும் நீ வந்தாலும் அவன் வந்தாலும் மாறாது. யார் வந்தது என்பதைப் பேச்சின் போக்கிலிருந்துதான் பிடிக்க வேண்டும். இப்படி வேறுவேறு வழியில் நடக்கும் இரண்டு மொழிகளை ஒரே தாளத்தில் ஆடவிட்டது ஏ. ஈ. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற ‘சுராங்கனி’. பைலா தாளம் வந்துவிட்டால் கொழும்புக் கலியாண வீட்டில் யாரும் எழுவாயைத் தேடுவதில்லை! அந்தப் பாட்டு கடல் தாண்டி, 1977இல் இளையராஜா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்குள்ளேயே போய்விட்டது.

சொல்லை விடுவதற்கு மட்டும்தான் உரிமையா? பொருளே இல்லாத சொல்லைச் சேர்க்கவும் உண்டு! கொட்டாஞ்சேனைப் பக்கம் பொன்னம்பலவாணேசுவரர் கோயில் இருக்கிறது, பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பியது. மார்கழியில் இதுபோன்ற சிவன் கோயில்களில் ஓதும் திருவெம்பாவையைக் காதுகொடுத்துக் கேளுங்கள். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் வரும் ‘ஏலோர்’ வெறும் அசைச்சொல் என்கிறார்கள் உரைகாரர்கள். சினிமாப் பாட்டின் ‘லாலா’வுக்கு அது மூத்த அக்கா! இசையை நிரப்புவதற்காகவே வரும் சொற்களையும் தொல்காப்பியர் அன்றைக்கே கவனித்து, அவற்றுக்கு ‘இசைநிறை’ என்று தனி வகையே வகுத்துவிட்டார்!